‘புவிசார் குறியீடு பெற்றது’: திருவிழாக் கடையின் பலகை சொல்வதும் சொல்லாததும்

நவராத்திரிக்குச் சில வாரங்கள் முன்பே மயிலாப்பூர் மாட வீதிகளிலும், பூம்புகார் விற்பனை நிலையங்களிலும், ஊர்தோறும் கல்யாண மண்டபங்களில் நடக்கும் கண்காட்சிகளிலும் வைக்கோல் சுற்றிய பொம்மைகள் வந்து இறங்கிவிடுகின்றன. பொங்கலை ஒட்டி நடக்கும் ஊர்த் திருவிழாக்களிலும் குடியிருப்போர் நலச் சங்கங்களின் கொண்டாட்டங்களிலும் இதே காட்சிதான்: ஒரு மேசை, ஒரு வெள்ளைத் துணி, அதன்மேல் கைவினைப் பொருள்கள், பின்னால் அவற்றைச் செய்தவரோ விற்பவரோ. அண்மை ஆண்டுகளில் அந்த மேசையில் ‘புவிசார் குறியீடு பெற்றது’ என்ற ஒரு பலகையும் சேர்ந்திருக்கிறது.

அதைப் படிக்கும் ஒருவர் அரசு கொடுத்த விருது என்று எடுத்துக்கொள்கிறார். இன்னொருவருக்கு அது காப்புரிமை. வேறு எவரும் இந்தப் பொருளைச் செய்யக் கூடாது என்று அவர் நம்புகிறார். மூன்றாமவர் ஐ.எஸ்.ஐ. முத்திரை போன்ற தரச்சான்று என்று நினைத்து வாங்குகிறார். மூன்று எண்ணங்களும் தவறு. ‘மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது’ என்று ஒற்றை வரியில் செய்தி முடிந்துவிடுவதால், யாருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. குறியீடு கிடைப்பது பொருளின் பெயருக்கு. அந்தப் பொருளைச் செய்து மேசைக்குப் பின்னால் நிற்கும் கைவினைஞரை அது தானாக வந்து சேர்வதில்லை. இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது, அதனால் திருவிழாக் கடையில் என்ன விளைகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

காக்கப்படுவது பெயர்

புவிசார் குறியீடு என்பது, ஒரு பொருளின் தரமோ நற்பெயரோ தனித்தன்மையோ அது உருவாகும் நிலப்பகுதியால் வந்தது என்பதைக் காட்டும் பெயர் அல்லது அடையாளம். இதற்கான இந்தியச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் உறுப்பு நாடுகளிடம் இப்படியொரு பாதுகாப்பை எதிர்பார்த்ததே சட்டத்தின் பின்னணி. நாடு முழுவதற்குமான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. தமிழகக் கைவினைப் பொருள்களில் தஞ்சாவூர் ஓவியம், தஞ்சாவூர் பொம்மை, சுவாமிமலை ஐம்பொன் சிலை, நாகர்கோவில் கோயில் நகை, பத்தமடைப் பாய், தோடர் பூத்தையல், மாமல்லபுரம் கற்சிற்பம், அரும்பாவூர் மரச்சிற்பம், தஞ்சாவூர் நெட்டி வேலை, கருப்பூர் கலம்காரி, மானாமதுரை மண்பாண்டம், மயிலாடி கல்சிற்பம் எனப் பட்டியல் நீண்டிருக்கிறது.

மற்ற உரிமைகளோடு இதைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, வேறுபாடுகளை முதலில் பார்த்துவிடலாம்.

1. காப்புரிமை புதிய கண்டுபிடிப்புக்கு 20 ஆண்டுகள் கிடைப்பது. தலைமுறைகளாக எல்லோரும் அறிந்த ஒரு செய்முறைக்கு அது கிடைக்காது.

2. வடிவமைப்பு உரிமைக்கும் புதுமை வேண்டும். 10 ஆண்டுகள், நீட்டித்தால் மேலும் 5. கொலுப் படியில் பாட்டி காலத்திலிருந்து நிற்கும் செட்டியார் பொம்மையின் உருவத்தைப் புதிய வடிவமைப்பு என்று யாரும் பதிய முடியாது.

3. வணிகக் குறி ஒரு நிறுவனத்துக்கோ தனி ஆளுக்கோ உரியது. விற்கலாம், எழுதிக் கொடுக்கலாம்.

4. புவிசார் குறியீடு ஒரு கூட்டத்துக்கு உரியது. அதை விற்கவோ அடமானம் வைக்கவோ மற்றவருக்கு மாற்றித் தரவோ சட்டம் அனுமதிப்பதில்லை. 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

புவிசார் குறியீடு செய்முறையையோ உருவத்தையோ காப்பதில்லை என்பதுதான் பலருக்குப் பிடிபடாத செய்தி. தலையை ஆட்டும் பொம்மையை மதுரையிலோ மும்பையிலோ ஒருவர் செய்து ‘தலையாட்டி பொம்மை’ என்று விற்றால் இந்தச் சட்டத்தின்படி குற்றமில்லை. ‘தஞ்சாவூர் பொம்மை’ என்று எழுதி விற்றால்தான் குற்றம்.

2025 ஜூனில் மிலான் நகரின் ஆடை அலங்கார மேடையில் இத்தாலியின் பிராடா நிறுவனம் காட்டிய செருப்புகள் அப்படியே கோலாப்பூர் செருப்பாக இருக்கின்றன என்று எழுந்த சர்ச்சையை இந்த வேறுபாட்டைக் கொண்டுதான் புரிந்துகொள்ள வேண்டும். கோலாப்பூர் செருப்புக்கு 2019 முதல் குறியீடு இருக்கிறது. ஆனால் மேடையில் அந்தப் பெயர் சொல்லப்படவே இல்லை. பெயரைச் சொல்லாமல் உருவத்தை எடுத்துக்கொண்டதுதான் கோபத்துக்குக் காரணம். சட்டமோ பெயரைச் சொன்னால்தான் விழித்துக்கொள்ளும். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் தொடுத்த பொதுநல மனு அடுத்த மாதமே தள்ளுபடியானது. பதிவு பெற்ற உரிமையாளர் வந்து கேட்க வேண்டியதை மற்றவர்கள் கேட்க முடியாது என்பது அங்கே முக்கியக் கேள்வியாக நின்றது. அப்படியானால் அந்த உரிமையாளர் யார் என்பதே அடுத்து விளங்க வேண்டியது.

ஊருக்கும் பொருளுக்கும் உள்ள பிடிப்பு

அதற்கு முன், ஒரு பொருள் எப்படி ஓர் ஊரோடு பிணைகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. விண்ணப்பத்தில் நிறுவ வேண்டிய முதல் செய்தி இதுதான்.

பத்தமடைப் பாயில் அந்தப் பிணைப்பு கண்ணுக்கே தெரிகிறது. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, வெயிலில் காயவைத்து, ஆற்று நீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கிழித்து, மறுபடி காயவைத்துச் சாயம் ஏற்றுகிறார்கள். பாவு நூலாக இருக்கும். ஊடு மட்டுமே கோரை. இழை எவ்வளவு நைசாகக் கிழிபடுகிறதோ அவ்வளவுக்குப் பாய் துணியைப் போல மடியும். பட்டுப்பாய் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து கொடுக்கும் வழக்கமும் உண்டு. பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பங்களின் கையில் இருக்கும் இந்த நெசவில் ஆறு, கோரை, கை மூன்றும் ஒரே ஊரில் சேர்ந்திருக்கின்றன.

தஞ்சாவூர் பொம்மையின் கதை சற்றுச் சிக்கலானது. அதில் இரண்டு வகை உண்டு. ராஜா ராணி பொம்மைக்கு அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருக்கும். எப்படித் தள்ளினாலும் ஆடி ஆடி நிமிர்ந்துவிடும். ஆட்டக்காரி பொம்மையில் பாவாடை, உடல், தலை ஆகியவை தனித்தனித் துண்டுகள்; ஒவ்வொன்றும் உள்ளே கம்பியில் நிறுத்தப்பட்டிருப்பதால் இடுப்பு ஒரு பக்கமும் கழுத்து வேறு பக்கமும் அசையும். முன்பு களிமண் முதன்மையாக இருந்த இடத்தில் இன்று காகிதக் கூழ், மரவள்ளிக்கிழங்கு மாவு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகியவை சேர்ந்திருக்கின்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டுகிறார்கள். இந்தப் பொருள்களில் எதுவும் தஞ்சாவூரில் மட்டும் கிடைப்பதல்ல. ஆகவே இங்கே ஊரோடு பிணைத்து வைப்பது மண்ணைக் காட்டிலும் கைப்பழக்கமும் நற்பெயரும்தான். சட்டம் இதையும் ஏற்கிறது. செய்பொருளாக இருந்தால் உற்பத்தி, பதப்படுத்தல், ஆயத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வேலை அந்த எல்லைக்குள் நடந்தால் போதும் என்கிறது. பொருளாலான பிணைப்பை அயலூரில் உருவாக்குவது கடினம். பழக்கத்தாலான பிணைப்போ பழகியவர் இடம்பெயரும்போது அவரோடே கிளம்பிவிடும்.

உரிமையாளர் வேறு, பயனர் வேறு

சட்டத்தில் இரண்டு நிலைகள் இருக்கின்றன. பதிவேடும் அதற்கேற்ப இரண்டு பகுதிகளாக இருக்கிறது.

1. பதிவு பெற்ற உரிமையாளர். உற்பத்தியாளர் சங்கமோ, அவர்களின் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்தும் அமைப்போ, சட்டப்படி அமைந்த அதிகார அமைப்போதான் விண்ணப்பிக்க முடியும். தமிழகக் கைவினைகள் பலவற்றுக்கு விண்ணப்பித்தது பூம்புகார், அதாவது தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம். இவர்களின் பெயர் பதிவேட்டின் ‘அ’ பகுதியில் இருக்கும்.

2. அங்கீகரிக்கப்பட்ட பயனர். அந்தப் பொருளை அந்த எல்லைக்குள் செய்பவர், தனியே விண்ணப்பித்துத் தம் பெயரை ‘ஆ’ பகுதியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். குறியீட்டைப் பொருளின்மீது பயன்படுத்தும் தனி உரிமையைச் சட்டம் இவருக்குத்தான் தருகிறது. அத்துமீறல் நடந்தால் உரிமையாளரைப் போலவே இவரும் நீதிமன்றத்தை நாடலாம்.

செய்தியில் வருவது முதல் நிலை மட்டுமே. விழா நடக்கிறது, சான்றிதழ் படம் வெளியாகிறது, அத்துடன் ஊரே குறியீடு பெற்றதாகிவிடுகிறது. இரண்டாம் நிலை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகச் செய்ய வேண்டிய வேலை, அது செய்தியாவதில்லை. 2020ஆம் ஆண்டு விதித்திருத்தம் பயனர் பதிவுக் கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தது. உரிமையாளரோடு சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் நீக்கியது. ஆகவே இன்று தடையாக நிற்பது பணம் அல்ல; படிவம், அது எழுதப்பட்டிருக்கும் மொழி, தான் இன்ன பொருளைச் செய்பவர்தான் என்பதற்கான சான்று, எல்லாவற்றுக்கும் மேலாக இப்படியொரு இரண்டாம் படி இருக்கிறது என்ற தகவல். குறியீடு வாங்கியதும் வேலை முடிந்ததாக எண்ணும் சங்கம், பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறது என்று சொல்வதே சரி.

பிடிமண்ணும் பலகையும்

திருவிழாவுக்கும் கைவினைஞருக்கும் இப்படியொரு காகிதம் தேவைப்படாத உறவும் உண்டு; அது இன்னும் நடப்பில் இருக்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் அய்யனார் கோயில் புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும், ஊரார் ஒரு பிடி மண்ணை எடுத்து, மண்ணில் உருவங்கள் வனையும் வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் கொடுத்தல் என்பது இதன் பெயர். அந்த மண்ணை வாங்கிக்கொண்டவர் குதிரைகளைச் செய்யக் கடமைப்பட்டவர். கால்களும் வயிறும் கழுத்தும் தனித்தனியாக வனையப்பட்டு, ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, சூளையில் வெந்து, வண்ணம் பூசப்பட்டுத் தயாரான புரவிகளை, நேர்த்திக்கடன் வைத்தவர்கள் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். பல ஊர்களில் செய்பவரே பூசாரியும்கூட. குதிரை யார் கையால் ஆனது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பிடிமண் கொடுத்தபோதே அது தெரிந்துவிட்டது. செய்பவர், கேட்டவர், பொருள் சேரும் இடம் மூன்றும் ஒரே ஊருக்குள் முடிந்துவிடுகின்றன.

திருவிழாக் கடையில் இந்த மூன்றும் பிரிந்து கிடக்கின்றன. வாங்குபவர் செய்தவரை அறியார். செய்தவர் பொருள் எந்த வீட்டுக்குப் போகிறது என்று அறியார். நடுவில் ஒருவரோ இருவரோ கைமாற்றியிருப்பார்கள். பிடிமண்ணால் நிறைவேறிய வேலையை இங்கே பலகை செய்ய வேண்டியிருக்கிறது. பலகையோ யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளக்கூடியது.

மேசையில் என்னவெல்லாம் நடக்கலாம்

‘தஞ்சாவூர் பொம்மை, புவிசார் குறியீடு பெற்றது’ என்ற ஒரே பலகைக்குப் பின்னால் ஐந்து வேறு நிலைகள் இருக்க முடியும்.

1. தஞ்சாவூரில் தாமே செய்பவர், பயனராகப் பதிந்தவர். சட்டம் மனத்தில் வைத்திருக்கும் ஆள் இவர்தான்.

2. தஞ்சாவூரில் தாமே செய்பவர், பதியாதவர். பொருள் அசல், ஊரும் உண்மை. வாங்குபவர் ஏமாறவில்லை என்பதால் இவரை அத்துமீறியவர் என்று நிறுத்துவது கடினம். ஆனால் பக்கத்து மேசையில் போலி விற்கப்பட்டால் பதிவு பெற்ற பயனர் என்ற தகுதியில் இவரால் வழக்குத் தொடுக்க முடியாது. உழைப்பு இவருடையது, உரிமை இன்னும் இவரிடம் வந்து சேரவில்லை.

3. பதிவு பெற்ற பயனரிடம் முறையாக வாங்கி விற்கும் வியாபாரி. இது குற்றமில்லை. சட்டப்படி கைமாறிய அசல் பொருளை மறுவிற்பனை செய்வதற்குத் தடை கிடையாது. செய்தவர் நேரில் வரவில்லை என்பதற்காகப் பொருள் போலியாகிவிடாது.

4. வேறு ஊரில் செய்ததை இந்தப் பெயரில் விற்பவர். இது நேரடி அத்துமீறல். பொய்யான குறியீட்டைப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன.

5. வேறு ஊரில் செய்ததைத் ‘தஞ்சாவூர் பாணி’ என்று சொல்லி விற்பவர். ‘பாணி’, ‘வகை’, ‘போன்றது’ என்ற சொற்களைச் சேர்த்தாலும் தவறுதான் என்ற கடுமையான விதி, மத்திய அரசு தனியே அறிவிக்கும் பொருள்களுக்கு மட்டுமே பொருந்தும். உலக ஒப்பந்தத்தில் ஒயினுக்கும் மற்ற மதுவகைகளுக்கும் தரப்பட்ட கூடுதல் பாதுகாப்பின் நிழல் இது. மற்றப் பொருள்களில், வாங்குபவர் ஏமாற வாய்ப்பிருந்தது என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும்.

கடைசி இரண்டு நிலைகளுக்கு நடுவே அதிகமாக மாட்டிக்கொள்வது பொம்மை அல்ல, ஓவியம். சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொங்கல் விழாவோ நவராத்திரி விழாவோ நடந்தால், அங்கேயே வசிக்கும் ஓவியர்கள் தம் படைப்புகளை வைப்பது வழக்கமாகிவிட்டது. அவற்றில் தஞ்சாவூர் ஓவியம் இல்லாத விழா அரிது. பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளையும் பசையையும் குழைத்த கலவையால் நகையும் தூணும் மேடாக வரும்படி எழுப்பி, கற்கள் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, கடைசியாக முகத்தைத் தீட்டும் இந்த வேலையைச் சென்னையிலேயே பயிற்சி வகுப்பில் கற்று, சென்னையிலேயே செய்திருப்பார்கள். பேச்சு வழக்கில் ‘தஞ்சாவூர் ஓவியம்’ என்பது பாணியின் பெயர். பதிவேட்டில் அது இடத்தின் பெயர். இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதால், யாரையும் ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லாத ஓவியர்கூடச் சட்டத்தின் விளிம்பில் நிற்கிறார்.

இதில் ஓவியரைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. தலைப்புச் சீட்டில் ‘தஞ்சாவூர் பாணி ஓவியம், சென்னையில் வரைந்தது’ என்று ஒரு வரி கூடினால் வாங்குபவருக்கு உண்மை தெரிந்துவிடும். ஏமாற்று என்ற பேச்சுக்கே இடமிருக்காது. அந்த வரியை எழுதச் சொல்ல வேண்டியவர்கள் விழா அமைப்பாளர்கள். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் காட்டும் கவனத்தில் கால் பங்கை இந்தச் சீட்டுக்குக் காட்டினாலும் போதும்.

முத்திரை ஏன் பொருளில் இல்லை

பட்டுச் சேலை வாங்குபவர் சில்க் மார்க் சீட்டைப் புரட்டிப் பார்க்கப் பழகிவிட்டார். அது ஒவ்வொரு சேலையிலும் தொங்குவதே காரணம். ஆனால் அது நூல் உண்மையான பட்டா என்பதை மட்டுமே சொல்லும். காஞ்சிபுரத்தில் நெய்ததா என்பதைச் சொல்லாது. இடத்தைச் சொல்லும் வேலை புவிசார் குறியீட்டுடையது. 2018இல் எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாக ஒரு சின்னத்தை மத்திய அரசு வெளியிட்டது. ஆனாலும் பொம்மைக்கு அடியிலோ பாயின் மூலையிலோ அந்தச் சின்னத்தையும் பயனரின் பதிவு எண்ணையும் பார்ப்பது இன்னும் அரிதாகவே இருக்கிறது.

விண்ணப்பத்திலேயே தரத்தைக் கண்காணிக்கும் குழு ஒன்றை அமைப்பதாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தக் குழு ஆண்டுக்கு எத்தனை முறை எந்த மேசைக்கு வந்து பார்க்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் பதில் காகிதத்தோடு நின்றுவிடும். பதிவை வாங்குவதற்கு இருக்கும் உற்சாகம் பராமரிப்பதற்கு இருப்பதில்லை. பராமரிப்புக்குப் பாராட்டு விழா நடப்பதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பதிவால் வரும் நேரடிப் பயன்

பெயரைக் காப்பதைத் தவிர, பயனராகப் பதிவதால் கைக்கு வரும் பயன் ஏதும் உண்டா என்று கேட்டால், அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இந்தியாவில் விற்கப்படும் விளையாட்டுப் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை கட்டாயம். ஆய்வுக்கூடச் சோதனையும் உரிமக் கட்டணமும் ஒரு தொழிற்சாலைக்குச் சாதாரணச் செலவாக இருக்கலாம். வீட்டுத் திண்ணையில் குடும்பமாகச் செய்பவருக்குக் கட்டுப்படியாகாது. எதிர்ப்பு எழுந்த பின், 2020 டிசம்பரில் இரண்டு பிரிவினருக்கு விலக்கு தரப்பட்டது:

1. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிந்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொருள்கள்.

2. புவிசார் குறியீடு பெற்ற பொருளின் பதிவு பெற்ற உரிமையாளரும், அங்கீகரிக்கப்பட்ட பயனரும் செய்து விற்பவை.

இரண்டாவது விலக்கின் சொற்களைக் கவனிக்க வேண்டும். ‘குறியீடு பெற்ற ஊரில் செய்பவர்’ என்று அதில் இல்லை. ‘பயனர்’ என்று இருக்கிறது. கைவினைஞர் அடையாள அட்டையும் இல்லாமல் பயனர் பதிவும் இல்லாமல் தலையாட்டி பொம்மையைத் திருவிழாக் கடையில் வைப்பவர், அது அழகுப் பொருளா விளையாட்டுப் பொருளா என்ற விவாதத்தில் தம் தரப்பைத் தாமே நிறுவ வேண்டிய நிலைக்குத் தள்ளப்படலாம். பத்து ரூபாய்ப் பதிவின் மதிப்பு அந்த இடத்தில்தான் தெரியும்.

வரியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அயல் மாநிலத் திருவிழாவுக்குப் போய் விற்பவர், சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் கண்ணில் ‘தற்காலிக வரிக்குரிய நபர்’; பொதுவிதிப்படி அவர் விற்பனைக்கு முன்பே பதிந்து, உத்தேச வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும். 1987 முதல் நடந்துவரும் அரியானாவின் சூரஜ்குண்டு மேளா போன்ற இடங்களுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போகும் கைவினைஞருக்கு இது பெரும் சுமையாக இருந்திருக்கும். அறிவிக்கையில் பட்டியலிடப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு இந்தக் கட்டாயம் 2017லேயே தளர்த்தப்பட்டது: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவருக்கு, சில சிறப்பு மாநிலங்களில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டாதவருக்கு, பதிவு வேண்டாம், நிரந்தரக் கணக்கு எண்ணும் (பான்) சரக்கை எடுத்துச் செல்லும் மின்வழிச் சீட்டும் (இ-வே பில்) போதும். இங்கே புவிசார் குறியீட்டைப் பற்றிய கேள்வியே எழுவதில்லை. பெரும்பகுதி கையால் செய்ததா என்பதுதான் பார்க்கப்படுகிறது. குறியீடு இருந்தால் வரி கிடையாது என்று சில கடைகளில் சொல்லப்படுவது அடிப்படையற்றது.

வாங்குபவரும் அமைப்பாளரும் கேட்க வேண்டியவை

1. பலகையில் உள்ள பெயர் பதிவான பெயர்தானா? கிண்டிப் பதிவகத்தின் இணையதளத்தில் பொருளின் பெயரை இட்டுத் தேடினால் தெரிந்துவிடும். விண்ணப்பித்திருப்பது வேறு, பதிவானது வேறு. ‘விண்ணப்பம் நிலுவையில்’ உள்ள பொருளுக்கும் பலகை வைத்துவிடுகிறார்கள்.

2. மேசையில் இருப்பவர் பயனரா, பயனரிடம் வாங்கியவரா? முதலாமவரிடம் பதிவு எண் இருக்கும். இரண்டாமவரிடம் யாரிடம் வாங்கினார் என்ற ரசீது இருக்கும்.

3. பதியாத உள்ளூர்க் கைவினைஞர் என்றால் அவரை ஒதுக்கிவிடக் கூடாது. பலகையை எடுத்துவிட்டு ஊரையும் செய்தவர் பெயரையும் எழுதி வைக்கச் சொல்லலாம்; அத்துடன், கடைக்கு இடம் ஒதுக்கும் அதே படிவத்தோடு பயனர் பதிவுப் படிவத்தையும் அமைப்பாளர் கொடுத்துவிடலாம். ஒரே இடத்தில் இத்தனை கைவினைஞர்கள் கூடும் நாள் ஆண்டில் வேறெதுவும் இல்லை.

எல்லைக்கு வெளியே நிற்பவர்

கடைசியாக, இந்த ஏற்பாடு முழுவதும் எழுப்பும் ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஒரு வரைபடம் போகிறது. கோலாப்பூர் செருப்புக்கு அந்த வரைபடம் மகாராஷ்டிரத்தில் 4 மாவட்டங்களையும் கர்நாடகத்தில் 4 மாவட்டங்களையும் சேர்த்துக்கொண்டது. மாநில எல்லைக்கு இருபுறமும் ஒரே கைவேலை நடப்பதை அங்கே ஏற்றுக்கொண்டார்கள். எல்லா வரைபடங்களும் அவ்வளவு தாராளமாக வரையப்படுவதில்லை.

தஞ்சாவூரில் தந்தையிடம் பொம்மை வேலை கற்று, பிழைப்புக்காகச் சென்னைப் புறநகரில் குடியேறி, அங்கே அதே அச்சு, அதே கூழ், அதே கம்பி கொண்டு செய்யும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் கையில் இருப்பது அசல் பழக்கம். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் இடம் வரைபடத்துக்கு வெளியே இருக்கிறது. எனவே அவர் பயனராக முடியாது. பொம்மையின் மேல் ஊரின் பெயரையும் எழுத முடியாது. எல்லைக்குள் நேற்றுக் கற்றுக்கொண்டு இன்று செய்யத் தொடங்கியவரால் முடியும். இடத்தைக் காக்கும் சட்டம் இப்படித்தான் செயல்படும். அதை மாற்றினால் ‘புவிசார்’ என்ற சொல்லே பொருளிழந்துவிடும். ஆனால் பிணைப்பு மண்ணில் இல்லாமல் கையில் மட்டும் இருக்கும் பொருள்களில் இந்த விளைவு சற்றுக் கொடுமையாகவே படுகிறது.

வரைபடத்தை எதிர்க்கவும் வழி இருக்கிறது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் பதிவகம் அதைத் தன் இதழில் வெளியிடுகிறது. வெளியான நாளிலிருந்து 3 மாதத்துக்குள், கேட்டுப் பெற்றால் மேலும் 1 மாதத்துக்குள், யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்தக் காலம் கடந்துவிட்டால், பதிவைத் திருத்தவோ நீக்கவோ கோரும் தனி மனுதான் வழி. அதற்கு வழக்கறிஞரும் செலவும் வேண்டும். இதழ் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அது ஆங்கிலத்தில் வருகிறது.